பாட்டை மலையேற்றிவிட்டுப் போனவர்

முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், வணக்கம் பிறகு. நம் ஆனந்தராஜ் உயிரோடு இருக்கும்போதே அவருடைய பாட்டின் முடிவை அறுத்தெறிந்தார்கள். பெங்களூரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, பம்பை மெல்ல அடங்கி முடிகிற பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்துக்கு 'பெங்களூரின் புதிய ஓசை' என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். சாமியை வரவழைத்துவிட்டு, கற்பூரம் காட்டாமல் கதவைச் சாத்தினார்கள். இதைவிட அநியாயம் உண்டா?

இப்போது வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் வெங்காய மண்டி அப்துல் சலாம் பாய் அவர்களே, ஆனந்தராஜின் துணைவியார் ரூபா அவர்களே, சலாம் பாயின் மகனும் எங்கள் குழுவின் இரண்டாவது கிட்டார்க்காரருமான ஷோயப் அவர்களே, காவேரிப்பட்டினத்திலிருந்து வந்திருக்கும் விழாக் குழுவினரே, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கும் போகாமல் இங்கே வந்து நிற்கும் தோழர்களே! நான் கெலமங்கலம் பம்பைக்காரன் திம்மப்பன். எனக்கு யாரும் பம்பை சொல்லித்தரவில்லை. நானாக அடித்தேன், நானாகத் தப்பு செய்தேன், நானாகத் திருத்திக்கொண்டேன். அதனால் யாருக்கும் பயந்து பேசுகிற பழக்கம் இல்லை.

நான் இங்கே அழுவதற்கு வரவில்லை. வெட்டப்பட்ட பாட்டு முழுசாகத் திரும்பி வந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் ஆனந்தராஜ் போனார். கேட்காமல் போயிருந்தால் இந்த மேடையில் என் வாயிலிருந்து வேறு வார்த்தைகள் வந்திருக்கும்.

உறுமுகிற கிட்டாரும் பம்பையும் சேர்ந்த எங்கள் இசையைப் பம்பை மெட்டல் என்று இன்றைக்கு ஊர் உலகம் சொல்கிறதே, அது எங்கே பிறந்தது? பத்திரிகையில் எழுதினார்கள், ஓசூர்த் தொழிற்சாலை இயந்திரச் சத்தத்தில் பிறந்தது என்று. அய்யா, ஆனந்தராஜ் வேலை பார்த்தது பெயின்ட் பிரிவில்! அங்கே சத்தமே கிடையாது. முகமூடி போட்டுக்கொண்டு நாள் முழுவதும் ஊமையாக நிற்கிற வேலை அது.

பிறந்த இடம் காவேரிப்பட்டினம். பிறந்த நேரம் மாசி மாதம், மயானக் கொள்ளைத் திருவிழா. பிறந்த காரணம் சண்டை!

அன்றைக்கு ஒரே மேடைக்குப் பக்கத்தில் எங்கள் பம்பைக் குழு, மேடைமேல் ஆனந்தராஜின் மெல்லிசைக் குழு. நாங்கள் முடித்தால்தான் அவர்கள் தொடங்க முடியும். ஆனால் அந்த ஊர்ச் சாந்தம்மா மேல் சாமி வந்துவிட்டது. சாமி மலையேறாமல் பம்பையை நிறுத்தக் கூடாது என்பது எங்கள் கட்டு. கற்பூரம் காட்டி, அடியைப் படிப்படியாக இறக்கி, சாமி அடங்கிய பிறகுதான் குச்சியைக் கீழே வைப்போம். அன்றைக்கு அந்த அம்மா இறங்குகிற வழியாக இல்லை.

"ண்ணா, எங்களுக்கு மேடையில நேரம் போவுது. எப்பண்ணா முடிப்பீங்க?" என்று மேலே இருந்து கத்தினார் ஆனந்தராஜ். அப்போதுதான் அவரை முதல்முதலாகப் பார்க்கிறேன்.

"என்னைக் கேக்காதப்பா. ஆடறாங்களே, அவங்களைக் கேளு!"

"நான் ஆரம்பிச்சிடுவேன்."

"ஆரம்பியேன், யாரு வேணாங்கறது?"

ஆரம்பித்தேவிட்டார்! எங்கள் சத்தத்தை அமுக்க வேண்டும் என்று, கிட்டார் வயரைப் பிடுங்கித் திருவிழாக் கூம்பு ஸ்பீக்கரில் சொருகினார். கூம்பு அந்தச் சத்தத்தைத் தாங்கவில்லை. கிட்டார் ஓசை கிழிந்தது, கரகரத்தது, உறுமியது. நான் விடுவேனா? ஓங்கி அடித்தேன். அவரும் விடவில்லை. சாந்தம்மா ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடையையே ஒரு நொடி முறைத்துப் பார்த்தார். பிறகு முன்பைவிட வேகமாக ஆடினார். கூட்டம் கத்திய கத்தலில் எங்கள் சண்டை எங்கே போனது என்றே தெரியவில்லை. கடைசியில் கற்பூரம் காட்டி நான் அடியை இறக்கியபோது, அந்த மனிதரும் என்னோடு சேர்ந்து கம்பி கம்பியாக இறக்கினார். யாரும் சொல்லவில்லை. அவர் காது சொன்னது.

பிறகு ஒரே குழுவாகி, சலாம் பாயின் மண்டிக் கிடங்கில் பயிற்சிக்குக் கூடினோம். வெங்காய மூட்டைகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தால் ஓசை கனமாக, நெஞ்சுக்குள் விழும். விலை ஏறி மூட்டைகள் வெளியே போய்விட்டால் கிடங்கு எதிரொலிக்கும். "பாய், மூட்டையை விக்காதீங்க, பாட்டு கெடுது" என்பார் ஆனந்தராஜ். "பாட்டு வித்தா வெங்காயத்தை வெச்சிக்கிறேன்" என்பார் பாய். அதோ, இப்போதும் சிரிக்கிறார் பாருங்கள்.

அந்த ஓசையில் என்ன இருந்தது? சாமியை அழைக்க நாங்கள் பாடும் வர்ணிப்பு இருக்கிறதே, அந்த மெட்டை இரண்டு கிட்டார்களும் பாடும். ஆனந்தராஜ் முன்னால் போவார், ஷோயப் கொஞ்சம் மேலே ஏறி அவரோடு கூடவே வருவார். அடியில் பம்பை. நெருப்பு மாதிரியான சத்தத்துக்கு நடுவே தாலாட்டுகிற மெட்டு. கிட்டாரின் கம்பிகளை ஏன் இவ்வளவு தளர்த்தி வைக்கிறீர்கள், எந்த வெளிநாட்டுக் குழுவைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். எந்த வெளிநாடும் இல்லை. ஓசூர்ப் பனியில் பம்பைத் தோல் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். நான் தோலை அனலில் காட்டிக் காட்டிப் பார்த்தேன். ஆனந்தராஜ், "விடுண்ணா, அது எறங்கட்டும். நானும் கூட எறங்கறேன்" என்று கம்பிகளைத் தளர்த்தினார். எங்கள் ஊர்க் குளிர்தான் அந்த ஓசையின் கனம்!

இவ்வளவையும் பதிவு செய்த பிறகுதான் அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர் முடிவை வெட்டினார். அப்போது ஆனந்தராஜ் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில். ஏன் வெட்டினாய் என்று அவரைப் போனில் அழைத்துக் கேட்டார்.

"சார், கடைசியில வெறும் டிரம்தான் சார் இருக்கு. ஜனங்க ஸ்கிப் பண்ணிடுவாங்க."

"ஜனங்க பண்ணட்டும்ப்பா. நீ பண்ணாத."

கூடத்துக்காரர் கேட்கவில்லை. ஆனந்தராஜ் அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. "பாட்டு மேலயே நிக்குதுண்ணா. நான் எப்படிக் கீழ எறங்கிப் போறது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. அந்தப் பாட்டு முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ரூபா கிளம்பினார். ஷோயப்பைக் கூட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் பெங்களூர் போய் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தார். நான் போயிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சண்டை போடவில்லை. வெட்டிய பாட்டையே ஒருமுறை போடச் சொன்னார். போட்டார்கள். பாட்டு சட்டென்று நின்றது.

"சார், உங்க காலைப் பாருங்க" என்றார் ரூபா.

அந்த மனிதரின் கால் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"பாட்டு நின்னுபோச்சு. உங்க கால் நிக்கலையே சார். படுத்திருக்கறவருக்கு எப்படி இருக்கும்?"

ஷோயப்பும் சேர்ந்து சொன்னாராம்: "எனக்கு சாமி மலையேறறது தெரியாது சார். பாட்டு எறங்கறது தெரியும். இது எறங்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு முடிவைச் சேர்த்து, மறுபடி வெளியிட்டார். அதில் ஓசூர் என்று ஊர்ப் பெயரும் போட்டார். செய்த தப்பைத் திருத்தினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் மறக்க மாட்டேன், ஆனால் சொல்வேன்.

நல்ல மத்தியான வெயில். ரூபா போனை ஆனந்தராஜின் காதோரம் வைத்தார். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். பாட்டு முழுவதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. பம்பை இறங்கத் தொடங்கியதும் விரல்கள் போர்வைமேல் அசைந்தன. கடைசி அடிக்கு உள்ளங்கை தட்டையாகப் படிந்தது.

"ண்ணா, எறங்கிச்சா?"

"எறங்கிச்சுப்பா."

"அப்ப சரி."

அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தட்டு ரசம் சாதம் சாப்பிட்டார். தூங்கினார். மறுநாள் விடிந்தபோது இல்லை. அய்யா, இப்படிப் போகிறவருக்காக எப்படி அழுவேன்?

ஆனால் வேலை பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்காரரே, வெட்டிய பாட்டு இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. அதை நீங்கள் எடுத்துவிட வேண்டும். பத்திரிகைக்காரர்களே, இயந்திரக் கதையை விட்டுவிட்டு நீங்கள் காவேரிப்பட்டினம் போய்ச் சாந்தம்மாவைக் கேட்க வேண்டும். விழாக் குழுவினரே, பளபளப்பான புது ஸ்பீக்கர் வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பழைய கூம்பைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. சலாம் பாய், வெங்காயம் என்ன விலைக்குப் போனாலும் எங்கள் பின்சுவர் மூட்டைகளில் நீங்கள் கை வைக்கக் கூடாது. ரூபா, ஆனந்தராஜின் கிட்டாருக்கு மாலை போட்டுக் கண்ணாடிக்குள் வைக்காதே அம்மா. அதை ஷோயப் கையில் கொடு. ஷோயப், எந்த ஊருக்குப் போனாலும், யார் என்ன சொன்னாலும், நீ கம்பிகளை ஏற்றிக் கட்டக் கூடாது.

இப்போது ஒரு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சியில் போட்டிருக்கிறார்கள். அது வேண்டாம். நான் பம்பையைக் கட்டிக்கொள்கிறேன். ஷோயப் ஆனந்தராஜின் கிட்டாரை எடுக்க வேண்டும். யாராவது கற்பூரத்தை ரூபாவின் கையில் கொடுக்க வேண்டும். எப்போது காட்டுவது என்பது அவர் முடிவு. அதுவரை நீங்கள் யாரும் எழுந்திருக்கக் கூடாது. கூட்டம் முடிந்தது என்று தலைவரும் சொல்லக் கூடாது, பாய். அதைப் பம்பை சொல்லும்.