உதிரக் காட்டேரியின் முகவரி

தலைமை நாற்காலிக்குப் பெருமை சேர்த்திருக்கும் சாமுண்டீஸ்வரி அம்மையார் அவர்களே, முத்தாபுதுப்பேட்டையின் மூத்த பெரியோர்களே, உலையை இறக்கிவிட்டு ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே, ஓரமாய் நின்று பீடி பிடிக்கும் ஆண் சிங்கங்களே! மாதர் சங்கத்து லோகநாயகியின் வணக்கம்.

போன மாதம் நாம் பறிகொடுத்த நாகம்மாவை மறந்தார் உண்டா? தீட்டு நின்றுபோன அந்த மகராசிக்குத் திடீரென்று மறுபடியும் உதிரம் கண்டது. மாமியார் என்ன சொன்னாள்? "எம் மருமவ திரும்பக் கொமரியாயிட்டா, அம்மன் கண்ணு தொறந்துட்டா" என்று மஞ்சள் அரைத்துத் தலைக்கு ஊற்றினாள். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்கள் வீடாயிருந்தால் நீங்களும் மஞ்சள்தான் அரைத்திருப்பீர்கள்!

உதிரம் நின்றதா? நிற்கவில்லை. நாற்றம் வந்தது. கதவைச் சாத்தினாலும் வந்தது, சாம்பிராணி போட்டாலும் வந்தது. உதிரக் காட்டேரி உள்ளே குடியேறிவிட்டது என்றார் பூசாரி. பார்க்கப் போன என் கையைப் பற்றிக்கொண்டு, "யக்கா, எம் பக்கத்துல ஒண்ணு படுத்துகினு கீது. சத்தமா பேசாதே, கேட்டுரும்" என்றாள் நாகம்மா. பகல் வேளைதான். ஆனாலும் அந்தப் பாயைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மா பேயைப் பற்றியா கேட்டார்?

"கல்யாணம் எப்போ?"

"சடங்கு சுத்தின மறு தையில."

"பிள்ளைகள்?"

"நின்னது நாலு, போனது மூணு."

"புருஷன் வேறு இடம் போவாரா?"

நாகம்மா சுவரைப் பார்த்தாள்.

கருப்பை வாயில் புற்று. முற்றிவிட்டது, முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார். பிஞ்சிலே தாலி, பிரசவத்தின் மேல் பிரசவம், புருஷன் கொண்டுவந்த சீக்கு, வாய் திறக்க வெட்கம்! காட்டேரிக்கு வழிவிட்டது யார்? நாமல்லவா?

சாகுமுன் அவள் கேட்டாள்: "இது என்னெ உட்டா எவளெப் புடிக்கும்க்கா?" இன்று சொல்கிறேன். அவள் பெற்ற வனஜாவைப் பிடிக்கும்! சடங்குத் தாவணி சாயம் போகவில்லை, வருகிற வெள்ளிக்கிழமை அந்தக் குழந்தைக்குக் கல்யாணமாம்!

கோவிந்தன் அண்ணே, பெற்ற தகப்பன் நீங்கள், எழுந்து பதில் சொல்லுங்கள். என்ன சொல்கிறீர்கள்?

"பந்தக்கால் நட்டாச்சிம்மா. ஊரு இன்னா பேசும்?"

பிடுங்குங்கள் அண்ணே! பந்தக்கால் குழியை மண்போட்டு மூடிவிடலாம். நாகம்மாவின் குழியையும் மண்போட்டுத்தான் மூடினீர்கள். உங்கள் மகளுக்காக எந்தக் குழியை மூடப்போகிறீர்கள்?

அதோ, தாய்மார்கள் நடுவிலிருந்து பூங்காவனம் அம்மாள் எழுந்துவிட்டார். என்ன கேட்கிறீர்கள் அம்மா? "கடப்பாரை எங்க கீது?" என்கிறார்! இனி எனக்கு மேடையில் என்ன வேலை? கேட்ட செவிகளுக்கு நன்றி, எழுந்த கால்களுக்கு வணக்கம். நடங்கள் தாய்மார்களே, பந்தலடிக்கு!