சிவப்பு எழுத்து வராத நாள்

பக்கம் திறக்கவில்லை என்று காலையில் போன் வந்தால், நான் முதலில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். பாதி நாள் டீ முடிவதற்குள் அதுவே சரியாகியிருக்கும். நான் பதறியடித்து எதையும் செய்கிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். போலீஸ் அனுப்பிய கம்ப்யூட்டர் நிபுணர் என்றதும் வயதானவராக இருப்பீர்கள் என்று நினைத்தேன். உட்காருங்கள், நிதானமாகவே பேசலாம்.

என் பெயர் நந்தகுமார். ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, விருத்தாசலத்தில் பீங்கான் முதலாளிகள் சங்க ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. ஆறு வருடம் ஆகிறது. இதை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

தொழிலாளர்கள் உடம்புக்கு வந்ததை ரகசியமாக எழுத, சென்னை டாக்டர்கள் சிலர் 2007-இல் ஒரு இணையதளம் செய்து கொடுத்தார்கள். அது ஓடிய கம்ப்யூட்டர் எங்கள் ஆபீசில் இருந்தது. எழுதியது நேராக டாக்டர்களுக்குப் போய்விடும், எங்களிடம் தங்காது. அதில் ஒரு காவல் வைத்திருந்தார்கள். எழுத வருகிறவரின் தொடர்பு பூட்டிய தொடர்பா, வழியில் பிறர் படிக்க முடியாததா என்று புரோகிராம் பார்க்கும். இல்லையென்றால் திரை முழுக்கச் சிவப்பில் "இங்கே எழுதாதீர்கள்" என்று வரும். படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கும் அந்தச் சிவப்பு புரிந்தது.

அடுத்த வருடம் ஆனியில் கூட்டம் அதிகமாகி, முன்னால் இன்னொரு கம்ப்யூட்டர் வைத்தோம். அது வாசல் வாட்ச்மேன் மாதிரி. பூட்டைத் திறந்து சரிபார்த்து, ஆளை உள்ளே அனுப்பிவிடும். வந்தது வம்பு. உள்ளே இருக்கிற புரோகிராமுக்கு வாட்ச்மேனுக்கு உட்பக்கம் நடப்பதுதான் தெரியும், அங்கே பூட்டு ஏது? ஒழுங்காக வந்தவர்களுக்கும் சிவப்பைக் காட்டியது. திட்டக்குடியிலிருந்தெல்லாம் போன். காது வலித்தது.

இதற்கு வைத்தியம் உங்களுக்குத் தெரியும். வாட்ச்மேன் ஆளோடு ஒரு சீட்டு அனுப்ப வேண்டும், 'இவர் பூட்டிய வழியில் வந்தார்' என்று. உள்ளே அந்தச் சீட்டைப் பார்க்க வேண்டும், அது வாட்ச்மேன் கொடுத்ததுதானா என்றும் பார்க்க வேண்டும். நான் ஒரே வரியில் முடித்தேன். யார் கேட்டாலும், எந்த வழியில் வந்தாலும், 'பாதுகாப்பானது' என்று சொல்லிவிடு. சிவப்பு ஒழிந்தது, போனும் நின்றது. களைப்புதான் காரணம். வேறு என்ன சொல்ல?

ஆபீஸ் கூடத்தில் தொழிலாளர்களுக்கென்று இரண்டு கம்ப்யூட்டர் போட்டிருந்தோம். அவை வாட்ச்மேன் பக்கமே போகாது. குறுக்கு வழியில், பூட்டில்லாமல், நேராக உள்ளே போகும். அதே ஒயரில்தான் மேனேஜர் தங்கதுரையின் கம்ப்யூட்டரும் இருந்தது. ஒயரில் போகிறதையெல்லாம் காட்டுகிற புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. பிரின்டர் கோளாறு கண்டுபிடிக்க வேண்டும் என்றார், போட்டுக் கொடுத்தேன்.

வேல்விழி பளபளப்புப் பூச்சுப் பிரிவில் வேலை செய்தாள். முந்தின வாரம் ஒருமுறை வந்து, சிவப்பைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருந்தாள். சிவப்பு ஒழிந்த பிறகு ஒரு நாள் ஷிப்டு முடிந்து மறுபடி வந்தாள். நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"செவப்பு எழுத்து வரல சார். எழுதலாங்களா?" என்று கேட்டாள்.

"வரலன்னா எழுதலாம்மா" என்றேன்.

ஒற்றை விரலில் தட்டினாள். எழுத்து எங்கே இருக்குது என்று கேட்டபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். ஒரு மணி நேரம் ஆனது. அவள் புருஷன் கொளஞ்சி அரவை ஷெட்டில் பதினோரு வருடம் கல்தூள் குடித்தவன். அந்தத் தூளால் நுரையீரலுக்கு வந்ததைக் கம்பெனி காசநோய் என்று எழுதிவிட்டது. அவனைப் போல ஏழு பேருடைய எக்ஸ்ரே படங்களை அவள் சேர்த்து வைத்திருந்தாள். அவர்களில் நான்கு பேர் அப்போதே உயிரோடு இல்லை. படங்கள் தகரப்பெட்டியில், கொளஞ்சி படுத்திருக்கும் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அவரால எழுந்திரிக்க முடியாது, அதனால வூட்டுல எப்பவும் ஆள் இருக்குது, பெட்டி பத்திரமா இருக்கும் என்று எழுதி முடித்தாள்.

"போயிட்டு வரேங்க" என்று கும்பிட்டுப் போனாள். சாயங்காலம் தங்கதுரை அறையில் பிரின்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நன்றாகத்தான் ஓடியது.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு அந்தக் கூரை வீடு எரிந்தது. அவள் வேலையில் இருந்தாள். கொளஞ்சி கட்டிலில் இருந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து என்னிடம் வந்தாள். அவளுக்கு நம்பிக்கையான ஆள் நான் ஒருவன்தான்.

"பெட்டி இருக்கறது என் கொழுந்தனாருக்கு மட்டுந்தான் தெரியும் சார். அப்புறம் கம்ப்யூட்டர்ல எழுதுனேன். அது வெளிய போயிருக்குமா?"

"செவப்பு வந்துச்சா?"

"வரலைங்களே."

"அப்பறம் எப்படிம்மா போவும்?"

"அப்ப அவர்தான்" என்றாள். மனைத் தகராறில் அண்ணனோடு பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்த கொழுந்தன் ஜெயராஜ்மேல் அன்றே புகார் கொடுத்தாள். நாற்பது நாளாக அவன் உள்ளே இருக்கிறான். அண்ணனுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான். எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை.

நீங்கள் அச்செடுத்து வந்த காகிதத்தில் ஒரு வரியை வட்டமிட்டிருக்கிறீர்கள். என் வரிக்கு நேர் மேலே இருக்கிறது. சீட்டைப் பார், வாட்ச்மேன் கொடுத்ததா என்றும் பார் என்று சொல்கிற சரியான வரி. அதன் முன்னால் இரண்டு சாய்கோடு. கோடு போட்டால் வரி இருக்கும், வேலை செய்யாது.

ஆமாம், அதுவும் நான் எழுதியதுதான். முதலில் எழுதியதே அதுதான். நான்கு நாள் பிசகில்லாமல் ஓடியது. வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் பக்கம் திறந்தது, போன் அப்போதே நின்றுவிட்டது. கூடத்துக் கம்ப்யூட்டர்களில் மட்டும் சிவப்பு வந்தது. வர வேண்டிய இடத்தில்தான் வந்தது. வேல்விழி முதல்முறை பார்த்துவிட்டு எழுந்து போனது அந்தச் சிவப்பைத்தான்.

அன்று தங்கதுரை என் மேசைக்கு வந்து நின்றார். "என்னாப்பா நந்தா, அந்தப் பொம்பள எழுதாமலே போவுதே" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அவர் போன பிறகு அந்த இரண்டு கோட்டையும் போட்டு, கீழே என் வரியை எழுதினேன். அப்போது எனக்குக் களைப்பாக இல்லை.

ஜெயராஜை விட்டுவிடச் சொல்லுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் என்னை நம்பிச் சொன்னதை நான் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை.