தலைகீழாகத் தெரிந்த தெரு

— ...யாருங்க அது, என் காலை மிதிக்கறது?

— மன்னிச்சுக்கம்மா. வெளிச்சத்துல இருந்து வந்தேனா, கண்ணு கட்டின மாதிரி இருக்கு.

— இந்தக் குரல்... மாமா, நீங்களா?

— இல்லன்னு சொன்னா நம்பிடுவியா?

— பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டுத்தானே கிளம்பினீங்க? வாரா வாரம் பல்லு வலி உங்களுக்கு.

— இன்னிக்கு முதல் நிலைக்காரங்களுக்குத்தானே வகுப்பு? நீ மூணாம் நிலையாச்சே. நீ எங்க இங்க?

— புதுசா சேர்ந்தவங்களுக்குத் துணையா ஆளுக்கொருத்தர் உக்காருங்கன்னு வாத்தியார் சொன்னார். எனக்கு வாய்ச்சது என் மாமனாரேன்னு யாரு கண்டா... வாங்க, இப்படி உக்காருங்க. பாப்பா?

— அவ அப்பனோட வீட்ல இருக்கா. அவன்கிட்ட வத்தி வச்சிடாத, தாயே.

— பாக்கலாம்.

— அது சரி, கேமரா கத்துக்க வந்தவங்களை ஏன் இருட்டுல அடைக்கறாங்க?

— இதுதான் மாமா கேமரா. சன்னல் பூரா கறுப்புத் துணி, நடுவுல ஒரே ஒரு ஓட்டை. நாம அதுக்குள்ள உக்காந்திருக்கோம். கொஞ்சம் பொறுங்க, கண்ணு பழகட்டும்... இப்ப எதிர்ச் சுவத்தைப் பாருங்க.

— ஏதோ ஊருது... நிழலா?

— தெரு மாமா. வெளிய இருக்கற அதே தெரு.

— அட, தலைகீழா இருக்கே. பஸ்ஸு விட்டத்துல போகுது.

— வானம் நம்ம காலடியில கிடக்கு பாருங்க.

— சைக்கிள்காரன் விழுந்துடப் போறான்.

— விழ மாட்டான். அவனுக்கு அவன் உலகம் நேராத்தான் இருக்கு.

— சத்தமே இல்லாம... தூக்கத்துல பாக்கற மாதிரி இருக்கும்மா.

— ஆமா... வாத்தியார் ஒருத்தரைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பூந்தொட்டியைப் படம் எடுத்துட்டு வாங்கன்னா தெருநாயை எடுத்துட்டு வருவாராம். அதுலயும் வாலு மட்டும்தான் விழுந்திருக்குமாம்.

— பூந்தொட்டியை யாரு வேணா எடுப்பாங்க.

— அப்ப நீங்கதானா அது?

— நாய் நின்னாத்தானே?

— ...மாமா.

— சொல்லு.

— உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வரல.

— இங்க மூஞ்சி தெரியாது. தைரியமா சொல்லு.

— ஒரு தீவுல பறவைங்களைப் படம் எடுக்கற வேலை. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. எட்டு மாசம் அங்கயே இருக்கணும்.

— அவன் என்ன சொல்றான்?

— கண்ணை மூடிட்டுக் கிளம்புன்னு சொல்றார். நான்தான்... நாளைக்கு வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.

— ஏன், பறவை கடிச்சிடுமா?

— விளையாடாதீங்க மாமா. அவர் வேலைக்குப் போயிட்டா பாப்பாவை உங்க தலையிலதானே கட்டிட்டுப் போகணும்?

— என் தலை என்ன, சும்மாதானே இருக்கு. நிஜத்தைச் சொல்லு... அழறியா?

— இல்ல... இப்பத்தான் ரெண்டு ரெண்டு வார்த்தையா சேர்த்துப் பேசறா. நான் திரும்பி வர்றப்ப என்னென்னவோ பேசுவா, என்னென்னவோ பண்ணுவா. எதையும் நான் பாத்திருக்க மாட்டேன். நான் இல்லாமலே வளந்துடுவா மாமா.

— போன மாசம் நீ குளிச்சிட்டு இருக்கறப்ப உன் போன் அடிச்சுது. நான்தான் எடுத்தேன். தீவு, பறவை, எட்டு மாசம்னு ஒரு அம்மா சொல்லிட்டு, அப்புறம் கூப்பிடறேன்னு வச்சுட்டாங்க. நீயா வாயைத் திறப்பன்னு நானும் பாத்துட்டே இருந்தேன்... அதுக்குள்ள இங்க வந்து பேரைக் கொடுத்துட்டேன். போயிட்டு வாம்மா. பாப்பா தினம் படமா உன்கிட்ட வருவா. மொதல்ல கொஞ்ச நாளைக்குக் கலங்கலாத்தான் வருவா... பொறுத்துக்க.