தோழனுக்கு இங்கிலீஷில் என்ன

மாலை வகுப்பில் சேர்ந்தவனுக்குப் பாடம் படிக்க விடியற்காலையை விட்டால் வேறு பொழுது கிடையாது. பகலெல்லாம் தோட்டத்து ஆபீஸில் வேலை. வேலை விட்டதும் சைக்கிளில் கோலசிலாங்கூர் போய் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, ஊரடங்குக்கு முன்னால், முள்வேலிக் கேட்டை அடைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். வந்து சேரும்போது உடம்பு அசந்துவிடும். ஆகவே பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்களைக் கூப்பிடும் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, விளக்கை ஏற்றி உட்கார்வேன். அந்த நேரத்தில் கொஞ்சம் அமைதி வேண்டும் என்று ஒருவன் ஆசைப்படுவது பெரிய குற்றமில்லை என்பதை ஐயா ஒப்புக்கொள்வீர்கள்.

என் பெயர் பெர்னாட். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. நேற்று முதல் இந்தப் போலீஸ் நிலையத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். மாலைதோறும் வேலியோரம் நின்று, ‘தோழா, சாப்பிட வா’ என்று கூப்பிட்டு நான் சோறு வைத்தது யாருக்கு? காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போனாலும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த உத்தரவைத் தமிழில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியவனே நான்தான். அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோழன் ஒரு நாய். அதை நிரூபித்தால் வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். நிரூபிக்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். மொழிபெயர்க்கும் தங்கரத்தினம் ஐயா சொல்லுக்குச் சொல் போடாமல், கருத்தைப் பார்த்துச் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சொல்லுக்குச் சொல் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தவன் நான்.

என் வீட்டுக்கும் மத்தியாஸ் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே பலகைச் சுவர். அவர் தோட்டத்து லோரி டிரைவர். அவரும் அவர் மனைவி அகதா அக்காவும் நல்லவர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். பிள்ளைகள் இல்லை. ஜிம்மி, கறுப்பி, தோழன் என்று மூன்று நாய்கள். ரப்பர் பாலை ஏற்றிக்கொண்டு ஆளில்லாத சாலையில் போகும்போது பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று குட்டியாக எடுத்து வந்து முன் சீட்டில் உட்கார வைத்தது மூன்றாவதை. அதனால்தான் அந்தப் பெயர்.

குரைப்பதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. காரணத்தோடு குரைத்தால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். நான் எதையும் முறையாகச் செய்கிறவன். ஆகவே அந்தக் குரைப்புகளை முதலில் வகை பிரித்துப் பார்த்தேன். ரப்பர் கொட்டை வெடித்துத் தகரக் கூரையில் விழுவதற்கு ஒன்று. வாய்க்கால் உடும்புக்கு ஒன்று. கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. அதில் மரியாதை கலந்திருக்கும். மழை வருவதற்கு, மழை நிற்பதற்கு. இவற்றில் எதிலும் சேராதது ஒன்று மிஞ்சியது. நான் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியதும் வருவது அது. அது எனக்காகவே குரைக்கப்படுகிறதோ என்ற சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவது என் சுபாவம். என்னையே நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஆகவே முதலில் என்னையே திருத்திக்கொள்ளப் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்தேன். மனத்துக்குள் படித்தேன். நாய்கள் அமைதி அடையும்படி ஜெபித்தேன், ஜெபிக்கும்போதும் குரைத்தன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து திரும்பும் வழியில் மத்தியாஸ் அண்ணனிடம் மரியாதையாகவே கேட்டேன்.

“அண்ணே, நாயிங்கள கொஞ்சம் கட்டிப் போடக் கூடாதா? காலையில படிக்க முடியல.”

அவர் சிரித்தார். “என்னா தம்பி, நாயி கொரைக்காம பின்ன, பேப்பரா படிக்கும்? நீங்க படிங்க லா. அதுங்களும் ஒங்க கூட சேந்து இங்கிலீசு பழகுதுங்க.”

“ஏங்க, தம்பிய கிண்டல் பண்ணாதீங்க,” என்றார் அகதா அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, “நேத்து எங்க தோழன் பூனையப் பாத்து ‘த கேட், த கேட்’டுன்னு கொரைச்சான் தம்பி, நாங்கூட கேட்டேன்,” என்றார்.

இருவரும் வெகு நேரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

பிறகு பெரிய கிராணியிடம் முறையிட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நியாயம் தெரிந்தவர். “உமக்குத் தெரியாதே தம்பி,” என்றார் தாழ்ந்த குரலில். “மனேச்சர் துரைக்கு அந்த நாயள் எண்டால் உயிர். காட்டுக்குள்ள இருந்து ஆர் வந்தாலும் குரைச்சுக் காட்டிக் குடுக்குங்கள் எண்டு நினைக்கிறார். அவை குரைச்சால்தான் அவருக்கு நித்திரை வருகுது.”

அவசரகாலத்தில் குரைக்காத நாய் மீதுதான் புகார் செய்யலாம், குரைக்கும் நாய் மீது முடியாது என்று அன்று புரிந்தது. அன்றைய நாட்குறிப்பில் அதை ஆங்கிலத்திலேயே எழுதினேன். ஆங்கிலத்தில் தினமும் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார் வகுப்பு வாத்தியார். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, இலக்கணம் சரி, பொருள்தான் விளங்கவில்லை என்றார்.

அடுத்து நடந்ததற்கு நான் ஏற்பாடு செய்யவில்லை. ஒரு காலை, பெரட்டு முடிந்ததும் போலீஸ் வந்து எல்லாரையும் பந்து விளையாடும் திடலில் உட்கார வைத்தது. மத்தியாஸ் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் வேலிக் கம்பிக்கு அடியில் சோற்றுப் பருக்கைகள் இருந்தனவாம். வந்திருந்த வெள்ளைக்கார அதிகாரி புதியவர். வழக்கமாக மொழிபெயர்ப்பவருக்குக் காய்ச்சல். “இங்கிலீசு படிக்கிறீர்தானே, போம்,” என்று பெரிய கிராணி என்னை முன்னால் தள்ளினார். இத்தனை பேர் நடுவில் என் ஆங்கிலத்தைக் கேட்க ஆள் கிடைத்தது அதுவே முதல் தடவை. வகுப்பில் வாத்தியார் சொன்னதை நினைத்துக்கொண்டேன்: முதலில் சொல்லுக்குச் சொல் போடு, அழகு பிறகு தானாக வரும்.

சோறு யாருக்கு வைத்தாய் என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

மத்தியாஸ் அண்ணனுக்குப் பயமே இல்லை. “தோழனுக்குத்தான் தம்பி. ஒங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

தோழன் என்பதற்கு என் அகராதி பல சொற்கள் தருகிறது. ஃபிரெண்ட் இருக்கிறது, கம்பேனியன் இருக்கிறது. கடைசியாக காம்ரேட் இருக்கிறது. எல்லாமே அச்சில் உள்ளவை. நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ‘ஒங்களுக்குத் தெரியாதா’ என்பது எனக்குச் சொன்னது, அதிகாரிக்கு அல்ல. ஆகவே அதை மொழிபெயர்க்கவில்லை.

அதிகாரியின் முகம் மாறியது. அந்த காம்ரேட் எங்கே என்று சத்தம் போட்டார். சத்தத்தைக் கேட்டு மத்தியாஸ் அண்ணனும் பதறிவிட்டார். அதிகாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி, “அது நாயிங்க தொரை, நாயி,” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்: “டாக், சார். டாக்.”

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர் சொன்னதுதான். ஒன்று குறைந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவில் போவதில்லை. தன்னைத்தான் நாய் என்கிறான் என்று நினைத்த அதிகாரி அவரை அறைந்தார். சேற்றில் விழுந்து எழுந்த மத்தியாஸ் அண்ணன், மறுபடியும் நாயி, நாயி என்றே கத்தினார். எனக்கு மொழிபெயர்க்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அதற்குள் அதிகாரியே கற்றுக்கொண்டிருந்தார். போலீஸ் லோரியில் ஏற்றும்போது மத்தியாஸ் அண்ணன் என்னைத்தான் பார்த்தார். “தம்பி, சரியா சொல்லுங்க தம்பி,” என்றார். அது கேள்வியும் அல்ல, பதிலும் அல்ல. மொழிபெயர்க்க அதில் ஒன்றுமில்லை.

அன்று முதல் அமைதி வரும் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்ப்பில்தான் தவறு செய்துவிட்டேன். குரைப்பதையாவது வகை பிரிக்கலாம். ஊளையிடுவதைப் பிரிக்க வழியே இல்லை.

சில நாள் கழித்து அகதா அக்கா ஒரு தட்டு ஆப்பத்தோடு வந்தார். கணவரை விடச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு எழுத வேண்டும். எங்கள் லயத்து வீடுகளில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். “வாயில்லா ஜீவனுக்குச் சோறு போட்டாரு, அவ்ளோதான்னு எழுதுங்க தம்பி. வேற ஒண்ணும் வேணாம். படிச்ச பிள்ள எழுதுனா கேப்பாங்க.”

ஜீவன் என்பதற்கு நல்ல சொல் அகப்படவில்லை. யோசித்துப் பார்த்து, அந்த இடத்தில் முன்பு பயன்படுத்திய சொல்லையே போட்டேன். ஒரே வழக்கில் சொல்லை மாற்றுவது முறையல்ல. ‘வாய் திறக்காத காம்ரேடுக்கு என் கணவர் சோறு போட்டார், அவ்வளவுதான்’ என்று வந்தது. அகதா அக்கா அதில் கைநாட்டு வைத்து, என் கையைப் பிடித்து, நீங்க நல்லா இருப்பீங்க தம்பி என்றார். ஆப்பம் நன்றாக இருந்தது. மனுவுக்குப் பதிலாக, அவரை இந்தியாவுக்கு அனுப்பும் உத்தரவு வந்தது. கைக்குழந்தையாக வந்தவர்; அங்கே அவருக்கு யாரைத் தெரியும் என்று அகதா அக்கா கேட்டார். அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

டிரைவர் இல்லாத வீட்டை வைத்திருக்கத் தோட்டத்தில் விட மாட்டார்கள். அகதா அக்கா பாகான் நக்கோடா ஓமாரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் நாய்களை ஏற்ற முடியாது. புறப்படும்போது என்னிடம்தான் ஒப்படைத்தார். “தோழனுக்கு மட்டும் ஒரு வாய் வச்சிருங்க தம்பி. மத்ததுங்க எப்படியாவது பொழச்சுக்கும். அது அவர் குரல் கேக்காம சாப்பிட மாட்டேங்குது.”

நான் கல்நெஞ்சன் அல்ல. வைத்தேன். என் சன்னலுக்கு அடியில் வைத்தால் அங்கேயே படுத்து ஊளையிடும் என்பதால் வேலியோரம் கொண்டு போய் வைத்தேன். மத்தியாஸ் அண்ணன் கூப்பிட்டது போலவே ‘தோழா, சாப்பிட வா’ என்று கூப்பிட்டேன். அது வராது. நான் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் தட்டு காலியாகும். புதிதாகப் பக்கத்து வீட்டுக்கு வந்த டிரைவர் உடையப்பன் இதைப் பார்த்திருக்கிறார். கூப்பிடுவது தெரிகிறது, சோறு போவது தெரிகிறது, வந்து சாப்பிடுபவன் தெரியவில்லை. உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவரும் ஊளைச் சத்தத்தில் தூக்கம் கெட்டவர். கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

நேற்று ஐயா என்னை வேலியோரம் நிறுத்தி, உன் தோழனைக் கூப்பிட்டுக் காட்டு என்றீர்கள். கூப்பிட்டேன். மூன்று நாய்களும் தள்ளி நின்று என்னைப் பார்த்துக் குரைத்தன. எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டேனோ அவ்வளவு பலமாகக் குரைத்தன. உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்தார். இவற்றில் எதற்கும் அந்தப் பெயர் இல்லை என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். கிடைத்திருக்கும் சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆகவே ஒரே வழிதான் இருக்கிறது. அந்த நாய் மத்தியாஸ் அண்ணன் குரலுக்கு மட்டும்தான் வரும். அவர் இன்னும் துறைமுகத்துக்குப் பக்கத்து முகாமில்தான் இருக்கிறார், கப்பல் புறப்படவில்லை. அவரை வரவழைத்து ஒரு தடவை கூப்பிடச் சொன்னால் போதும்.

தண்டிக்கப்பட்டவரை வரவழைக்கத் தகுந்த காரணம் வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். எழுதிக்கொள்ளுங்கள். அன்று திடலில் நிற்கும்போதே தோழன் நாய் என்பது எனக்குத் தெரியும். ஒருவர் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது என்பதும் தெரியும். அது வகுப்பில் முதல் மாதப் பாடம். ‘அது நாயிங்க’ என்று அவர் சொன்னதில் ‘அது’ என்ற சொல்லை நான் மறந்துபோய் விட்டுவிடவில்லை. அதைச் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார், காலையில் நாய்கள் குரைக்கும் என்று கணக்குப் பார்த்தே அதை விட்டேன். மனுவிலும் அப்படியே. வேண்டுமென்றே செய்தேன். அதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் இருக்கின்றன. அவற்றில் சற்று மென்மையான ஒன்றைத் தங்கரத்தினம் ஐயா தேர்ந்தெடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

என்னைப் பார்த்தால் மத்தியாஸ் அண்ணன் கோபப்படமாட்டார் என்றே நம்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள் சின்னச் சின்ன மனத்தாங்கல் வருவது சகஜம். அவர் கூப்பிட்டு, தோழன் ஓடி வந்து, நான் விடுதலையான பிறகு, ஒரே ஒரு வேண்டுகோள். கப்பலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அரசாங்கச் செலவில் எடுத்த சீட்டை வீணாக்க வேண்டாம். ஆனால் இந்த முறை மூன்று நாய்களையும் அவரோடு சேர்த்தே ஏற்றிவிடுங்கள். வளர்த்தவரையும் நாயையும் பிரிப்பது பெரும் பாவம். அப்படிப்பட்ட கொடுமைக்கு என் மனம் இடம் கொடுக்காது.