எதிர்க்கடைக்குப் போன இருமல்

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே! மாத்திரை அட்டைகளுக்கு நடுவே தலை நரைத்த மூத்த மருந்தாளுநர்களே! வீட்டையும் கடையையும் ஒருசேர ஆளும் தாய்மார்களே! நின்றே உழைத்து, நின்றே உண்டு, இன்று ஒருநாள் உட்கார இடம் கிடைத்திருக்கும் என் தொழில் இனத்தாரே! அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எனக்கு ஒருவர்மேல் பொறாமை. பொய் சொல்லி விற்றுப் பழக்கமில்லாதவன். அதனால் பொறாமையையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். இதோ, மேடையில் என் இடப்பக்கம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, என் எதிர்க்கடைக்காரர், அவர்மேல்தான்! படிக்கும் காலத்தில் இவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆமை. ஒரு மருந்துச் சீட்டைப் படிக்கப் பத்து நிமிடம் எடுப்பார். நானோ சீட்டு கைக்கு வருமுன்னே மருந்தை எடுத்து வைப்பவன்!

அந்த ஆமை கடைக்குள் ஒரு திரை கட்டினார். திரைக்குப் பின்னே நாற்காலி போட்டார். வருகிறவர்களை உட்காரவைத்து, கேள்வி கேட்டு, நாடி பார்த்து, இரத்த அழுத்தம் அளந்தார். என் கூட்டம் சாலையைக் கடந்தது. கண்ணெதிரே கடந்தது! கும்பிட்டுவிட்டுக் கடந்தது!

விடுவேனா? நானும் ஒரு கருவி வாங்கினேன். நின்றவரை நிற்கவைத்தேன், சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினேன், "பொண்ணுக்கு வரன் அமைஞ்சுதா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தேன். வந்தவருக்கெல்லாம் அழுத்தம் ஏறியது! அஞ்சல்காரர் ஒருவர் வெலவெலத்துப்போய் எதிர்க்கடைக்கு ஓடினார். அங்கே ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, கையை மேசைமேல் நீட்டவைத்து, பேசாமல் அளந்தார்கள். சரியாக இருந்தது. வெளியே வந்து என் கடையை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்!

அதையும் தாங்கினேன். தாங்க முடியாதது பிறகு வந்தது.

ஒருநாள் தலை நிமிர்ந்தால், எதிர்க்கடைத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வருகிறாள் என் மனைவி! மருந்துக்கடைக்காரன் மனைவி! மருந்து வாங்கினாளா? இல்லை. பன்னிரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்தாளாம். இருபத்தாறு ஆண்டுக் குடும்ப வாழ்க்கையில் நான் அவள் பேச்சைத் தொடர்ந்தாற்போல் மூன்று நிமிடம் கேட்டதில்லை!

"அங்க எதுக்குப் போன?"

"இருமலுக்கு."

"நம்ம கடையில இல்லாத மருந்தா?"

"மருந்து இருக்குங்க. என்ன ஏதுன்னு கேக்கத்தான் ஆள் இல்ல."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! உங்கள் வீட்டிலும் போய்க் கேட்டுப்பாருங்கள்.

மூன்று வாரமாக இருமினாள். மூன்று விதப் பாட்டில் கொடுத்தேன். ஆமை என்ன கொடுத்தார்? கேள்வி கொடுத்தார். "எப்போ ஆரம்பிச்சுதும்மா? சளி வருதா, வறட்டு இருமலா? மூச்சு வாங்குதா? காய்ச்சல் உண்டா? அதுக்குக் கொஞ்சம் முன்னாடி புதுசா எதாவது மாத்திரை போட ஆரம்பிச்சீங்களா?" ஆரம்பித்திருந்தாள்! இரத்த அழுத்த மாத்திரை. சிலருக்கு அந்த மாத்திரையே வறட்டு இருமலைக் கொண்டுவரும். நீங்களும் படித்தீர்கள், நானும் படித்தேன். "நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட இதைக் காட்டுங்க" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மருத்துவர் மாத்திரையை மாற்றினார். சில வாரத்தில் இருமல் நின்றது.

அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்த கை எது? இந்தக் கை! பாட்டில் பாட்டிலாக நீட்டிய கை எது? இதே கை! இருமலை விற்றவனும் நானே, இருமலுக்கு மருந்து விற்றவனும் நானே!

கோபத்தோடு சாலையைக் கடந்தேன். "என் பொண்டாட்டிய நீ எப்படிடா பாக்கலாம்?"

"நீ பாக்கல, நான் பாத்தேன்."

கொஞ்சம் இறங்கினேன். "சரிடா, எனக்கும் சொல்லிக் குடு."

"போன வருஷம் சங்கத்துல இதுக்கு வகுப்பு வைக்கலாம்னு சொன்னேன். வேணாம்னு எல்லாரையும் கை தூக்க வச்சது யாரு?"

நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார்: "டாக்டர் வேலைய நாம எதுக்குண்ணே செய்யணும்?" தம்பி, செய்யச் சொல்லவில்லை. யாரை எப்போது டாக்டரிடம் அனுப்புவது என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். கேட்கத் தெரியாமல் கொடுத்தால் நாம் மருந்தாளுநர் இல்லை. அலமாரிக்குக் கை முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்!

பொறாமை போய்விட்டதா? போகவில்லை. அவரை எட்டிப் பிடிக்கும்வரை போகாது. வகுப்பு தொடங்கினால் முதல் பெயர் என்னுடையது. போன வாரம் அழுத்தம் அளந்து பழகிப் பார்க்க வீட்டில் கையை நீட்டச் சொன்னேன். என் மனைவி சொன்னாள்: "பழகுறதுன்னா தாராளமா பழகிக்கோங்க. உடம்புக்கு ஒண்ணுன்னா நான் எதிர்க்கடைக்குத்தான் போவேன்." இந்த ஊரில் எவரை இழந்தாலும் திரும்பப் பிடித்துவிடுவேன் ஐயா, இந்த ஒருத்தியைப் பேச்சில் பிடிக்க முடியாது. கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே, போன ஆண்டு நான் தோற்கடித்த தீர்மானத்தை இன்று நானே முன்மொழிகிறேன். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்! ஆமையே, நீங்களும்தான்! அதோ, மூன்றாவது வரிசையில் ஒரு கை... அட, என் வீட்டுக்காரி! அம்மா, நீ சங்கத்தில் உறுப்பினர் இல்லை. உன் கை கணக்கில் சேராது.

இறக்காதே. அப்படியே இருக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. வணக்கம்.