ஆறவைத்த கஞ்சி

கஞ்சி எனக்குச் சுடச்சுடத்தான் பிடிக்கும், மேடம். ஆறவைக்கிற வழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தது என் வீட்டுக்காரரால்தான்.

வீரமணி ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தால் தட்டு பறக்கும். சில நாள் என் தலையும் சுவரில் மோதும். மறுநாள் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கும்.

போன வருஷம் அவருக்குக் காலில் புண் வந்தது. பெரம்பலூர் டாக்டர் மாத்திரை எழுதினார். "மாத்திரை முடியறவரைக்கும் குடிக்கவே கூடாது, குடிச்சா உயிருக்கு ஆபத்து" என்று மிரட்டியும் விட்டார். மாத்திரையால் வயிறு கெடாமலிருக்க ஒரு பொடியும் கொடுத்தார். குடலுக்கு நல்லது செய்கிற கிருமிகள் அதில் உயிரோடு இருக்குமாம். சூடு பட்டால் செத்துவிடுமாம். அதனால் கஞ்சியை ஆறவிட்டுக் கலக்கச் சொன்னார்.

ஒரு வாரத்தில் மனிதர் மாறிப்போனார். வயிறு உப்பிக்கொள்கிறது என்று முனகுவாரே தவிர, கை ஓங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தானாகவே என்னைச் சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். திரும்பி பஸ்ஸுக்கு நிற்கும்போது, "சாப்டியா புவனா?" என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் அப்படிக் கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

புண் ஆறியது. மாத்திரையும் பொடியும் நின்றன. தட்டு மறுபடியும் பறந்தது.

"பொடியாவது மண்ணாவது. அப்ப அண்ணன் குடிக்காம இருந்துச்சு, அவ்வளவுதான் அண்ணி" என்றாள் என் நாத்தனார் சிவரஞ்சனி. அவள் அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டாள். நான் மெடிக்கலில் பொடியை வாங்கிவந்து, அவருக்குத் தெரியாமல் காலைக் கஞ்சியில் கலந்தேன். குடித்துவிட்டு வந்து அடித்த நாளிலெல்லாம், பொடி போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

தை மாதம் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். திருச்சியில் ஊசி போட்டார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த ஊசி போட்டா உடம்புல எதிர்ப்புச் சக்தியே இருக்காதும்மா. தயிர், மோர், பழைய சோறு, நீங்க சொன்ன அந்தப் பொடி, எதையும் குடுத்துடாதீங்க. அந்தக் கிருமி ரத்தத்துல கலந்தா ஆளையே கொன்னுடும். புரியுதா?"

புரிகிறது என்றேன். புரியத்தான் செய்தது.

வீட்டுக்கு வந்தபின் அவர் தங்கமாக இருந்தார். கடைவரைக்கும் நடக்கத் தெம்பு இல்லை, அதனால்தான் என்றாள் சிவரஞ்சனி. தயிர், மோர், பழைய சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், மேடம். டாக்டர் பேச்சை மதிக்காதவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. பொடியை நிறுத்தத்தான் பயமாக இருந்தது. ஒருநாள்கூட நிறுத்திப் பார்க்கவில்லை.

அவர் சாகும்போது ரத்தத்தில் இருந்தது அந்தப் பொடியின் கிருமிதான் என்று ஆஸ்பத்திரியில் உங்கள் ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். இருக்கும். நான் இல்லையென்று சொல்லவில்லையே.

காய்ச்சல் வந்த அன்று அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கிற கை அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"நீ சாப்டியா புவனா? என்னால ஒனக்குத்தான் கஷ்டம்" என்றார்.

பொடி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய், அன்றைக்கு மட்டும் இரண்டு பொட்டலம் கலந்தேன். கஞ்சியை நன்றாக ஆறவைத்துத்தான் கலந்தேன், மேடம்.