கிட்டங்கியிலிருந்து வந்த ஒன்பது செய்தி

மத்தியானம் ரெண்டரை மணி. கீழச்சிவல்பட்டியத் தாண்டி நெற்குப்பை போற ரோடு. ரெண்டு பக்கமும் கருவேலங்காடு... ஒரு ஈ காக்கா இல்ல. பேய் ராத்திரியில மட்டுந்தான் வரும்னு நெனச்சுக்கிட்டு இருக்கீகளா? இது வெயில்ல நடந்தது. கிட்ட வந்து உக்காருங்க, சத்தமாச் சொல்ல மாட்டேன்.

நம்ம மரிய ஜெரால்டு இருக்கான்ல, அவன் அக்கா ஆரோக்கிய ஷீலாவுக்கு நடந்தது. அவன் இருந்தா சொல்ல விடமாட்டான். இன்னைக்கு வரல, அதான் சொல்றேன்.

தொண்ணூத்தொன்பது, மாசி மாசம். அக்கா சென்னையில ஒரு மில்லு கம்பெனியில கம்ப்யூட்டர் இஞ்சினியர். அந்தக் கம்பெனிக்கு இங்குட்டு ஒரு பஞ்சுக் கிட்டங்கி, பஞ்சுப் பொதிய அடுக்கி வைக்கிற குடோனு. ஊருக்கு வெளிய, பொட்டல்ல. போன் எந்நேரமும் செத்துக் கெடக்கும். அதனால ஒரு டிஷ்ஷ வச்சு, கம்ப்யூட்டர் வழியாத்தான் சென்னைக்குப் பேச்சு. ஒரு பொதிய நகத்தணும்னாலும் இங்கேருந்து செய்தி போகணும், அங்கேருந்து பதில் வரணும்.

அந்தக் கிட்டங்கிய ஒத்தையாப் பாத்துக்கிட்டவர் பேரு முத்தரசு. தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கிட்டங்கி எரிஞ்சு போச்சு. மனுசன் உள்ளயே போயிட்டாரு. வெக்கையில ஷட்டர் வளைஞ்சு தரையோட பிடிச்சுக்கிச்சு. பின் செவத்த இடிச்சுத்தான் எடுத்தாக.

கம்பெனி என்ன சொல்லுச்சு... பீடியப் பத்த வச்சுக்கிட்டுத் தூங்கிட்டான். ஒரு வார்த்த தகவல் சொல்லல. ஊரும் அதையே பேசுச்சு.

கம்ப்யூட்டர் ரூம் முப்பது காலடி தள்ளித் தனியா இருந்ததால அது எரியல. தீப்பிடிக்கிறதுக்கு முந்தியிருந்தே செய்தி ஒழுங்காப் போயி வரலைன்னு மேனேஜர் அழகுசுந்தரம் ஷீலாக்காவ அனுப்பி வச்சாரு. கார் ஓட்டிக்கிட்டு வந்தவரு சேவுகன். எறக்கி விட்டுட்டு, "ஆறு மணிக்கு வாரேன்மா"ன்னு போயிட்டாரு.

அக்கா மட்டும். காத்துகூட அசையல. கருகுன பஞ்சுல தண்ணி ஊத்துனா ஒரு வாசம் வரும்... ஈரச் சாம்பல் மாதிரி. அது ரூமுக்குள்ள நின்னுச்சு.

என்ன கோளாறுன்னு அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிருச்சு. சென்னையில இருக்கது பழைய பெரிய மிஷினு. இங்க இருக்கது புதுசு. ரெண்டும் செய்திகள வரிசையில நிறுத்தி ஒண்ணொண்ணா அனுப்பும். ஆனா ஒண்ணோட பாஷ ஒண்ணுக்குப் புரியாது. அந்த ரூம்லயே நடுவுல இன்னொரு கம்ப்யூட்டர், இதுகிட்ட வாங்கி அதுக்கு மாத்திக் குடுக்கும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நம்பர் உண்டு. பதில் வரும்போது அதே நம்பர் இருந்தாத்தான் எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலுன்னு சேரும். நடுவுல இருந்தது அந்த நம்பரோட வாலை வெட்டிக்கிட்டு இருந்திருக்கு. சேராத செய்தியெல்லாம் ஒரு மூலையில போயி விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. அந்த மூலைக்கு அவுக வச்ச பேரு டெட் லெட்டர். போஸ்டாபீஸ்ல விலாசம் சேராத கடுதாசியப் போட்டு வப்பாகல்ல, அந்த மாதிரி.

அக்கா அதத் தொறந்துச்சு.

கடைசியா வந்து விழுந்தது ஒன்பது செய்தி. அந்த ஒன்பதும் ஒரே நாளு... அந்த ஞாயித்துக்கிழமை. இங்கிலீஷ் எழுத்துல தமிழு.

நாலு மணி பத்து. "மூணாவது வரிசையில பொகை வாசம். பொதியப் பிரிக்கவா?"

நாலு முப்பது. "அய்யா, பதில் போடுங்க."

அஞ்சு மணி. "பொகை கூடுது. ஆள் கூட்டியாரப் போகவா? கிட்டங்கிய விட்டுட்டுப் போகலாமா?"

அப்படியே ஒண்ணொண்ணா... "அய்யா இருக்கீகளா?" அப்படின்னு மட்டும் மூணு.

ஒன்பதாவது, ஆறே கால். "சரிங்கய்யா. நானே உள்ள போயிப் பாக்குறேன்."

அக்காவுக்குக் கண்ணு எரிஞ்சுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரு மனுசன் இந்த நாற்காலியில உக்காந்து, இந்தத் திரையப் பாத்துக்கிட்டே இருந்திருக்கான். எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து பைக்குள்ள வச்சுக்கிச்சு.

அப்புறம் நம்பரச் சரி பண்ணுச்சு. சரியாப் போகுதான்னு பாக்க சென்னைக்கு ஒரு செய்தி விட்டுச்சு. "சோதனை. கிடைச்சதா?"

உடனே பதில்.

"கிடைச்சது. அய்யா இருக்காகளா?"

அனுப்புன எடம்னு இருக்கும்ல... அங்க சென்னை இல்ல. இந்தக் கிட்டங்கி. மணி அஞ்சு இருபது. தேதி, அக்கா அங்க உக்காந்திருந்த அதே நாளு.

சென்னையில எவனோ வெளையாடுறான்னு நெனச்சுச்சு. போன எடுத்துச்சு. போன் செத்துக் கெடக்கு. திரும்பிப் பாத்தா இன்னொண்ணு.

"உள்ளதான் இருக்கேன். பொதியப் பிரிக்கவா? வெளிய வரவா?"

அந்தச் செய்தியோட நம்பரப் பாத்துச்சு அக்கா. முழுசா, வால் வெட்டுப்படாம... அந்த ஒன்பதாவது செய்தியோட நம்பரு.

அப்பத்தான் கேட்டுச்சு. கிட்டங்கிப் பக்கம் தகரத்துல... டக். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. டக்... டக். உள்ளேருந்து வெரலால தட்டுற மாதிரி.

ஓடலாம். ஓடி எங்க போறது? சுத்தியும் பொட்டலு. கார் வர இன்னும் அரை மணி நேரம். ஆனா அக்கா பின்னாடி ஜெரால்டுகிட்டச் சொன்னது வேற. பயத்துல ஒக்காரலடா, ஒரு பதிலுக்காக இவ்வளவு நாளு காத்துக்கிட்டு இருக்கவர விட்டுட்டு எந்திரிக்க முடியல, அப்படின்னுச்சாம்.

அந்த நம்பரு மேலயே பதில் அடிச்சுச்சு.

"முத்தரசு, வெளிய வாங்க. எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு வாங்க."

அனுப்பியாச்சு. சேர்ந்துச்சுன்னு காட்டுச்சு.

தட்டுறது நின்னுச்சு.

அப்புறம்... கடகடகடன்னு ஷட்டர் ஏறுற சத்தம். அக்கா திரும்பல. கண்ண இறுக்கி மூடிக்கிச்சு. வெறுங்கால் சத்தம், மெதுவா, சன்னலத் தாண்டிப் போச்சு. அந்த ஈரச் சாம்பல் வாசமும் கூடவே போச்சு.

ஆறு மணிக்குச் சேவுகன் வந்தப்ப, ஷட்டரு வளைஞ்சது வளைஞ்சபடி தரையோடதான் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

சென்னை போயி அந்தத் தாள மேனேஜர் மேசையில வச்சுச்சு அக்கா. அழகுசுந்தரம் ரெண்டு தடவ படிச்சாரு. முத்தரசு மேல தப்பில்ல, தகவல் சொல்லியிருக்காருன்னு கம்பெனி பேர்ல ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. தபால்ல அனுப்பலாம்னாரு. அக்கா கேக்கல. அடுத்த சனிக்கிழமை தானே கொண்டுக்கிட்டு வந்துச்சு, நெற்குப்பையில முத்தரசு வீட்டுக்கு.

கடைசித் தெரு. கதவு பாதி சாத்தியிருந்துச்சு. முத்தரசு சம்சாரம் முத்தழகு வந்து நின்னாக. பிள்ளை குட்டி இல்ல, ஒத்தப் பொம்பள. புருசன் போயி ஒரு மாசங்கூட ஆகல... தலையில மல்லியப்பூ, நெத்தியில குங்குமம்.

அக்கா கடுதாசிய நீட்டி, "அவுக மேல தப்பில்லம்மா. ஒன்பது தடவ கேட்டிருக்காக. எங்க மிஷின்தான் சேக்கல"ன்னு சொல்லுச்சு.

முத்தழகு தாள வாங்கவே இல்ல.

"தெரியும்மா. வந்தன்னைக்கே சொல்லிட்டாக."

"யாரு?"

முத்தழகு கதவ இன்னுங் கொஞ்சம் தொறந்து வழி விட்டாக. "நீங்க போட்ட பதிலு கெடச்சுச்சாம். ஒங்களச் சாப்பிட்டுப் போகச் சொல்றாக."

வீட்டுக்குள்ள வெளிச்சமே இல்ல. உள் ரூம்லேருந்து... பொகை குடிச்ச நெஞ்சு இருமுற மாதிரி, ஒரு இருமல்.